தம்பிக்கு என்ன வியாதி?

பி.காம். படித்து என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால், ஜெயிலுக்குப் போனேன் என்று சொல்வேன். பதற வேண்டாம். பாடம் நடத்தப் போனேன்.

அழைத்துப் போனவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். எழுபதை நெருங்கும் வயது, கைத்தறிச் சேலை, கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு. எங்கள் ஊர் மத்தியச் சிறைக்கு ஞாயிறுதோறும் போய் வரும் கிறிஸ்தவக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. சர்ச் வட்டாரத்தில் இதற்கு 'சிறை ஊழியம்' என்று பெயர்.

"உள்ளே ஒரு பையன் பிரைவேட்டா பிளஸ் டூ எழுதறான் தம்பி. அக்கவுன்டன்சி சொல்லித் தர ஆள் இல்லை. நாலு ஞாயிறு வந்தீங்கன்னா போதும்."

"நான் கிறிஸ்தவன் இல்லையே டீச்சர்?"

"டெபிட், கிரெடிட்டுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை."

நிருபர் புத்தி சும்மா இருக்குமா? "ஊழியம்னா மதம் மாத்தறதுதானே?" என்று கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "வெளியே ஒருத்தனுக்குப் பிரசங்கம் பிடிக்கலைன்னா எழுந்து போயிடுவான். உள்ளே இருக்கிறவன் எங்கே போவான்? எழுந்து போக முடியாதவன்கிட்ட எதையும் திணிக்கக் கூடாது. ஜெபத்துக்கு இஷ்டப்பட்டவங்க மட்டும் உட்காருவாங்க. மத்தவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவோம்."

அப்புறம் சட்டதிட்டங்களைச் சொன்னார். யாரிடமும் என்ன கேஸ் என்று கேட்கக் கூடாது. (இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். 2022-ஆம் ஆண்டுக்கான தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது.) வெளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட அதிகாரிக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது, உள்ளேயிருந்தும் வரக் கூடாது. வர முடியாது என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். கடைசி விதியை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: "வர்றேன்னு சொன்னா வரணும். முடியுமான்னு தெரியலையா, 'பார்க்கலாம்'னு சொல்லுங்க. தப்பே இல்லை."

கைதிகளைச் சமாளிப்பது கஷ்டமா என்று கேட்டேன். சிரித்தார். "அவங்களால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எங்க ஆளுங்களைச் சமாளிக்கறதுதான் தம்பி ஊழியமே. டிசம்பர் மாசம் கேக்கும் கிடாருமா நாப்பது பேர் வருவாங்க, ஒரு பஸ் கொள்ளாது. மே மாசம் ஒரு ஆட்டோ போதும்."

டீச்சரின் இந்தத் தலைவலிக்கு இருநூறு வருஷ வரலாறு இருக்கிறது. எலிசபெத் ஃப்ரை என்ற குவேக்கர் பெண்மணி, 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போய்ப் பார்த்தார். பெண்களும் குழந்தைகளும் ஒரே இடத்தில் அடைந்து கிடந்ததைக் கண்டு ஆடிப்போனார். அந்தம்மாவின் படம் 2002-இலிருந்து 2017 வரை இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் இருந்தது. நோட்டில் இல்லாத ஒரு விஷயம், அவர் தொடர்ந்து அங்கே போக ஆரம்பிக்க ஏறக்குறைய நான்கு வருஷம் ஆனது என்பது. வீட்டில் பிரசவம், சாவு, ஆயிரம் கவலை. திரும்பப் போனபோது ஆள் சேர்த்தார். 1817-இல் பன்னிரண்டு பெண்களைக் கொண்டு ஒரு சங்கம். முறை போட்டுக்கொண்டு தினமும் யாராவது ஒருவர் சிறைக்குப் போனார்கள். இரக்கம் எல்லோருக்கும்தான் இருக்கிறது; ஆனால் அது நமக்கு ஒழிந்த நேரத்தில்தான் வரும். முறைப் பட்டியல் போட்டால்தான் தினமும் வரும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. முதல் ஞாயிறன்று எனக்கிருந்தது வெறும் உற்சாகம்தான்.

கேட்டில் செல்போனையும் பர்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனோம். பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கலாம். ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் கோடு போட்ட நோட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தான். பெறுபவர் பற்று, கொடுப்பவர் வரவு என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் இருப்புச் சோதனை வரைக்கும் வந்துவிட்டான். இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்ததும், "டேலி ஆயிடுச்சு சார்!" என்று அவன் போட்ட சத்தத்தில் வார்டர் திரும்பிப் பார்த்தார்.

கிளம்பும்போது கேட்டான். "சார், பழைய கொஸ்டின் பேப்பர் புஸ்தகம் கிடைக்குமா?"

"அடுத்த வாரம் கொண்டு வர்றேன்."

நாம் தினமும் பத்து தடவை சொல்கிற வாக்கியம்தானே? 'போன் பண்றேன்', 'ஒரு நாள் வீட்டுக்கு வர்றேன்' மாதிரி.

அடுத்த ஞாயிறு ஆபீஸில் திடீர் வேலை. அதற்கடுத்த ஞாயிறு உறவுக்காரர் கல்யாணம். மூன்றாவது ஞாயிறு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தூங்கிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமையும் டீச்சருக்குப் போன் பண்ணவில்லை. கூச்சம் ஒரு வாரம் தள்ளிப்போனால் இரண்டு மடங்காகிறது.

அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "தம்பி, உங்களுக்கு என்ன வியாதி?"

"ஒண்ணுமில்லையே டீச்சர்..."

"அந்தப் பையன் கேக்கறான். உங்களுக்கு ஏதோ உடம்புக்கு வந்துட்டுதுன்னு அவனா முடிவு பண்ணி, எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்லிட்டான். மூணு வாரமா நடக்குது. என்ன வியாதின்னு தெரியாததால பொதுவா பண்றாங்க."

எனக்கு நாக்கு எழவில்லை. "நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க டீச்சர்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க. வராட்டியும் பரவாயில்லை, அவங்க பாட்டுக்கு ஜெபம் பண்ணிட்டு இருப்பாங்க."

அடுத்த ஞாயிறு புத்தகத்தோடு கேட்டில் நின்றேன். டீச்சர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். இடது பக்கம், யார் என்ன சொன்னார்கள். வலது பக்கம், செய்தார்களா. பி.காம். படித்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை, அசல் கடன் பேரேடு. என் பெயருக்கு எதிரே வலது பக்கம் காலி.

"புத்தகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்திருக்கலாமே டீச்சர்?"

"பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு. இன்னொரு வாரம் பார்த்துட்டு வாங்கியிருப்பேன். ஆனா அவன் எதிர்பார்த்தது புஸ்தகத்தை மட்டும்னு நினைக்கறீங்களா?"

காவலர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுமதித்தார். பையன் என்னைக் கண்டதும் எழுந்துகொண்டான்.

"உடம்பு தேவலையா சார்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைப்பா. முதல்ல வேலை, அப்புறம் கல்யாணம். போன வாரம் தூங்கிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "எங்கம்மா மனு போட்டுப் பார்க்க வருவாங்க சார். வராத அன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சுக்குவேன். வேற மாதிரி நினைச்சா ராத்திரி தூக்கம் வராது. உங்களையும் அப்படியே நினைச்சுட்டேன்."

நான் எழுதிய, எழுதாத எத்தனையோ பேருக்கு 'பார்த்துச் சொல்றேன்' என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் எனக்கு ஒரு வியாதியைக் கற்பித்துக்கொண்டு ராத்திரி தூங்கினார்களோ.

வெளியே வந்ததும் டீச்சர் என் வரிக்கு எதிரே ஒரு டிக் அடித்தார். பக்கத்தில் '21 நாள் தாமதம்' என்று எழுதினார். வட்டி போடவில்லை.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறேன். பிகு பண்ணுகிறான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பண்ணிவிட்டுப் போகிறேன்.

பையன் மார்ச்சில் பரீட்சை எழுதினான். அவன் மேல் என்ன கேஸ் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அந்த வருஷம் மே மாதம், கத்திரி வெயிலில், ஜெயிலுக்குப் போன ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு ஓர் ஆள் கூடுதலாக உட்கார்ந்திருந்தான். அதற்கும் டீச்சர் நோட்டில் ஒரு டிக் இருக்கிறது.