மண்ணுள் ஒரு பண்டமாற்று

அறியாமையோடு செய்யும் நன்மை தீமையாய் முடிவதும் உண்டு. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தவை ஏழு பைன் மரக்கன்றுகள்.

கொடைக்கானலில் வாழ்ந்த என் தந்தையார், தம் இறுதி ஆண்டில் அக்கன்றுகளைத் தொட்டிகளில் வளர்த்தார். "இவற்றை நிலத்தில் நட்டுக் காப்பது உன் பொறுப்பு" என்று என்னிடம் ஒப்படைத்தார். அவர் மறைந்த பின் கன்றுகளைப் பெயர்த்தெடுத்தேன். வேர்களில் வெண்ணிற நூல்கள் படர்ந்திருந்தன. வேர்நுனிகள் தடித்துக் கவைகளாய்ப் பிரிந்திருந்தன. நோய் என்று கருதி, நூல்களைக் கழுவினேன், நுனிகளைக் கத்தரித்தேன், புது மண்ணில் எருவிட்டு நட்டேன். என்ன பயன்? சில திங்களில் இலைகள் மஞ்சளித்தன. மூன்று கன்றுகள் பட்டுப்போயின.

தந்தையார் தந்ததைக் காக்கத் தவறினேனே என்று வருந்தி நின்றபோது, அண்டை வீட்டுத் தோட்டக்காரப் பெரியவர் வந்தார். "தம்பி, பைன் இம்மலைக்கு வெளியிலிருந்து வந்த மரம். முதிர்ந்த பைனின் அடிமண்ணைக் கொணர்ந்து இடுங்கள்" என்றார். அவ்வாறே செய்தேன். அடுத்த மழைக்காலத்தில் எஞ்சிய நான்கும் பசுமை பெற்றன.

காரணத்தைப் பின்னர் நூல்களில் கற்றேன். நான் நோயென்று எண்ணியது வேரோடு கூடி வாழும் பூஞ்சையே. இக்கூட்டுறவுக்கு 1885ஆம் ஆண்டில் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். 'பூஞ்சை வேர்' என்பது அதன் பொருள். இலை கதிரொளியால் ஆக்கும் சர்க்கரை வேருக்கு இறங்குகிறது. அதில் ஒரு பகுதியை மரம் மாச்சத்தாகச் சேமிக்கிறது. மற்றொரு பகுதியைப் பூஞ்சைக்கு வழங்குகிறது. பச்சையம் இல்லாத பூஞ்சை தன் உணவைத் தானே ஆக்க இயலாதன்றோ? பெற்ற சர்க்கரையை அது டிரெகலோஸ், கிளைகோஜன் முதலிய பொருள்களாக மாற்றித் தன் இழைகளில் சேர்த்துக்கொள்கிறது. கைம்மாறாக, வேர் எட்டாத இடங்களிலும் இழைகளைப் பரப்பிப் பாஸ்பரசு, நைட்ரஜன் ஆகிய சத்துகளையும் நீரையும் கொணர்கிறது.

போர்ட்டோ ரிக்கோத் தீவிலும் நெடுங்காலம் பைன் கன்றுகள் தழைக்கவில்லை. 1950களில் பைன் காட்டு மண்ணை இட்ட பின்னரே அவை செழித்தன.

தந்தையாரின் தொட்டிகளில் இருந்ததும் முதிர்ந்த மரத்தின் அடிமண்ணே என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். அவர் எனக்கு விட்டுச் சென்றவை கன்றுகள் மட்டுமல்ல. அவற்றின் துணையையும் சேர்த்தே தந்திருந்தார். அத்துணையை அழுக்கென்று கழுவிய கை என் கையே. மரம் தன் செல்வம் முழுவதையும் தனக்கே பூட்டி வைப்பதில்லை, கொடுத்தே வாழ்கிறது. இன்று அந்நான்கு மரங்களின் நிழலில் நிற்கும்போதெல்லாம், என் கண்கள் முதலில் மண்ணையே நோக்குகின்றன.