அஞ்சு ஊசி

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசனை. அக்காகிட்டேயே கேட்டேன். "எழுதுடா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும். என் பேரை மட்டும் போடாதே"ன்னு சொல்லிட்டா. அதான் இந்தப் பதிவு.

எனக்கு ஊர் கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் பக்கம் லைன் வீட்டில் வளர்ந்து, பி.காம். முடிச்சு, பேங்க் வேலையோடு இப்போ துபாயில் இருக்கேன். அப்பா சுரங்கத்தில் இருந்தவரை காய்ச்சலோ கைமுறிவோ, கம்பெனி ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா போதும். பில்லுன்னு ஒண்ணை நாங்க பார்த்ததே இல்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினாங்க. அதுக்கப்புறம் பெரிய வியாதின்னா மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போகணும், இல்லேன்னா வேலூர்.

போன வருஷம் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பெங்களூரில் கீமோ. ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் ரத்தம் டெஸ்ட் பண்ணினா வெள்ளை அணு 1,100. சாதாரணமா 4,000-க்கு மேல இருக்கணும். ஊரில் ஆளாளுக்கு ஆட்டு ஈரல், பப்பாளி இலைச் சாறுன்னு யோசனை சொன்னாங்க. டாக்டர் அடுத்த கீமோவைத் தள்ளிப் போட்டார். அது முடிஞ்சதும் தினம் ஒண்ணா அஞ்சு நாள் ஃபில்கிராஸ்டிம் ஊசி போடச் சொன்னார். எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளை அணுவை உண்டாக்க வைக்கிற மருந்து அது. 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கணும். மாமா ஐஸ் டப்பாவில் வெச்சு ரயிலில் கொண்டு போனார். பக்கத்துத் தெரு நர்ஸம்மா போட்டுவிட்டாங்க.

நான் பணம் அனுப்பினேன், தினமும் போன் பண்ணினேன்.

"ஊசி போட்டாச்சாக்கா?"

"போட்டாச்சுடா."

பத்தாம் நாள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். டாக்சி பிடிச்சு பெங்களூருக்கு ஓடினாங்க. ஆறு நாள் ஆஸ்பத்திரி, நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக். அப்போதான் தெரிஞ்சது, வாங்கினதே மூணு ஊசிதான். மீதி ரெண்டு ஊசிக் காசு பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்குப் போயிருக்கு.

அஞ்சும் போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம்னு டாக்டர் சொன்னார். ஆனா அந்த ஆறு நாள் பில், ரெண்டு ஊசி விலையை விடப் பல மடங்கு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேலன்னு யோசிச்சா, என் மேலதான். ஊரார் கடனுக்கெல்லாம் வரவு செலவு பார்க்கிறவன், அக்கா வீட்டில் காசு போதுதான்னு ஒரு தடவை கேட்கலை.

அப்புறம்தான் இந்த மருந்தைப் பற்றிப் படிச்சேன். ஃபில்கிராஸ்டிம் 1991-ல் அமெரிக்காவில் வந்தது. 2001-ல் நம்ம டாக்டர் ரெட்டீஸ் இங்கேயே தயாரிச்சு விற்க ஆரம்பிச்சாங்க. கீமோவுக்கு ஒரே ஊசியாப் போடுகிற பெக்ஃபில்கிராஸ்டிம் 2002-ல் வந்தது. அதன் முதல் மாற்று மருந்துக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி வாங்கினது மைலானும் நம்ம பெங்களூர் பயோகானும். அப்போ அங்கே அசல் ஊசி ஒண்ணு 6,200 டாலருக்கு மேல, இவங்களோடது 4,175. மருந்து அதே மாதிரிதான், விலையில் மூணில் ஒரு பங்கு குறைஞ்சது.

அதனால ஊரில் யாருக்காவது கீமோ நடந்தா டாக்டர்கிட்டே மூணு கேள்வி கேளுங்க. இந்த ஊசி கட்டாயம் வேணுமா? எல்லாருக்கும் தேவைப்படாது. இதே மருந்து வேற கம்பெனியில் குறைஞ்ச விலைக்கு உண்டா? பி.பி.எல். கார்டு இருந்தா அரசுத் திட்டத்தில் எது கிடைக்கும்? கேட்கிறதில் வெட்கமே வேண்டாம். கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

அக்காவுக்குக் கீமோ எல்லாம் முடிஞ்சுது. முடி திரும்ப முளைக்குது. இப்பவும் தினம் போன் பண்றேன். "சாப்பிட்டியா"ன்னு கேட்டதும் அடுத்த கேள்வி, "காசு போதுதாக்கா?"