இரண்டு இசைத்தட்டுகள்

என் விமர்சனத் தவறு ஒன்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இசைத்தட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் பழைய டீமேக்கர் ஒருவர் குன்னூரில் இருக்கிறார். ஊர் திரும்பிய துரை ஒருவரின் ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்த கிராமபோன் இன்னும் பாடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். மலை ஈரத்தில் உறைகளெல்லாம் பூஞ்சணம். தட்டுகள் பிழைத்திருந்தன. துரையுடையதும் அப்பா வாங்கிச் சேர்த்ததும் ஒரே பெட்டியில். பார்லபோனில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. அதை ஒட்டி, ஓடியனில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. இரண்டு முத்திரைகளும் ஒரு காலத்தில் பெர்லினின் லின்ட்ஸ்ட்ரோம் கம்பெனிக்குச் சொந்தம். பங்காளிகள்தான்.

1923ல் கிங் ஆலிவர் குழுவில் இரண்டாவது கார்னெட்காரராக முதல் பதிவுக்குப் போன ஆம்ஸ்ட்ராங்கை, சத்தம் குருவை அமுக்குகிறது என்று தள்ளி நிறுத்தினார்களாம். மைக் கிடையாது; ஒரு கொம்புக்கு முன்னால்தான் எல்லோரும் ஊதவேண்டும். இந்தத் தட்டு 1928 ஜூன் 28, சிகாகோ. அவருக்கு வயது 26. துணை வாத்தியமில்லாமல் அவர் தனியே ஊதும் ஆரம்பத்தை எல்லோரும் புகழ்ந்தாயிற்று. நியாயம்தான். என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பகுதி. மேலே போய் ஒரே ஸ்வரத்தில் ஏறக்குறைய பதினாறு அட்சரம் நிற்கிறார். தட்டில் இருப்பதே மூன்று நிமிஷத்துச் சொச்சம். அதில் இவ்வளவு ஊதாரித்தனம்!

தோடியை மணிக்கணக்கில் வாசித்தவருக்கு 1930களின் தட்டு கொடுத்ததும் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிஷம்தான். பிள்ளையவர்களைப் பற்றி யார் பேசினாலும் பிருகாவைப் பேசுவார்கள். அன்று எனக்குக் கேட்டதெல்லாம் பிருகாக்களுக்கு நடுவே மூச்சு நின்ற இடங்கள். ஜாஸும் நம் சங்கீதமும் ஒன்று என்று சொல்கிறவன் அல்ல நான். அப்படிச் சொல்பவர்களுக்கு இரண்டும் தெரியாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் கார்வை கார்வைதான்.

ஊசியை எடுத்த பிறகு அந்தப் பையன் ஞாபகம் வந்தான். எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் இருபது கவிதைகள் கொண்டுவந்து, இந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டான். ஒவ்வொன்றும் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. "நகரவே இல்லையே, தம்பி" என்றேன். போதாததற்கு, பி.ஏ.யில் படித்த எலியட்டையும் எடுத்து வீசினேன். "சரிங்கண்ணா" என்றான். அப்புறம் வரவில்லை. கவிதைகளைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

இரவு அவற்றைத் தேடி எடுத்தேன். ஒன்றில், கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடைக்காக நிற்கிறாள் அம்மா. மழை பெய்கிறது. பதினொரு வரி. கடைசி வரி வரைக்கும் மூட்டை இறங்குவதில்லை. ஓரத்தில் என் பென்சில் எழுத்து: "அப்புறம்?"

அழித்துப் பார்த்தேன். தாளில் தடம் போகவில்லை.

பையன் திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.