விராலும் ரப்பர் தவளையும்

திருப்பனந்தாள் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அருணஜடேசுவரர் கோயில். அடுத்தது காசித் திருமடம். கும்பகோணத்திலிருந்து சென்னை பஸ்ஸில் போகிறவர்களுக்கு அணைக்கரைக்கு முன்னால் வருகிற ஒரு ஊர், அவ்வளவுதான். ஆனால் தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த ஊரின் வரைபடமே வேறு. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, இடையில் மண்ணியாறு, அப்புறம் எண்ணி முடியாத வாய்க்கால்கள், ஊருக்கு நாலு குளம், தெருவுக்கு ஒரு குட்டை. எங்கே கோரை மண்டியிருக்கிறது, எந்த மதகுக்குக் கீழே பள்ளம் இருக்கிறது, எந்தக் குளத்தை யார் குத்தகை எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இந்தத் தண்ணீரில் கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி என்று எத்தனையோ இருந்தாலும் ராஜா ஒன்றுதான். விரால்! "என்னப்பா, ஏதாவது கிடைச்சுதா?" என்று கரையில் போகிறவர் கேட்டால், "விரால் ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். பையில் பத்து கெண்டை கிடக்கும். அதெல்லாம் கணக்கில் சேராது.

அமெரிக்காவில் இதே மரியாதை பாஸ் என்ற மீனுக்கு உண்டு. அதிலும் 'லார்ஜ்மவுத் பாஸ்' என்ற பெருவாய் மீனுக்கு. அங்கே அது மீன் மட்டும் இல்லை, ஒரு பெரிய தொழில். 1967-ல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு பாஸ் போட்டி நடத்தினார். அதிலிருந்து கிளம்பியதுதான் இன்றைய பரிசுப் பணம், டிவி நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாம். 1932-ல் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ்தான் உலக சாதனை. நம் கணக்கில் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதற்குச் சமம் என்று பதிவானது. எழுபத்தேழு வருஷம் ஒரு மீனின் எடையை ஊரே நினைவில் வைத்திருந்தது என்றால் அவர்களுடைய பைத்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய படகு இன்னும் வேடிக்கை. ஃபைபர் கிளாஸ் உடம்பு, பின்னால் காரை விட வேகமாக ஓடும் எஞ்சின், முன்னால் சத்தமே இல்லாமல் நகர்த்த ஒரு பேட்டரி மோட்டார், தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் கருவி. நம் பக்கத்தில்? பெரும்பாலும் இரண்டு கால்கள்தான் படகு. குளத்தின் நடுவே போக வேண்டுமென்றால் தார் வெட்டிய வாழை மரங்கள் நாலைச் சேர்த்துக் கட்டினால் தெப்பம் ரெடி. செலவு ஒரு முழக் கயிறு. கொள்ளிடத்தில் பரிசல் உண்டு. ஆனால் அணைக்கரைப் பக்கம் தண்ணீரில் இறங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன, கதைக்குச் சொல்வது இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாஸுக்கும் விராலுக்கும் உறவுமுறை எதுவும் கிடையாது. ஆனால் குணம் ஒன்று. இரண்டும் துரத்தி ஓடி இரை தேடுவதைவிடப் பதுங்கிப் பாய்வதையே விரும்பும். அல்லி இலைக்குக் கீழே, ஆகாயத்தாமரை ஓரத்தில், முள் விழுந்து கிடக்கும் மூலையில் அசையாமல் நிற்கும். மேலே ஒரு தவளை தத்திப் போனால் போதும், தண்ணீர் வெடிக்கும். அதனால்தான் பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை விராலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

அந்தத் தவளைக்கே ஒரு கதை உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் ஒரு தவளையைச் செதுக்கித் தூண்டிலில் கட்டினார், அவர் தொடங்கிய கம்பெனி பிறகு பெரிதாக வளர்ந்தது என்று சொல்வார்கள். இன்றைய தவளை உள்ளே காற்று உள்ள மெத்தென்ற ரப்பர். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். அதனால் பாசியில், இலையில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வி அமுக்கும்போதுதான் ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். மிக எளிய யோசனை, ஆனால் யாருக்காவது தோன்ற வேண்டுமே!

நம்மூர் முறையில் இதையே உயிருள்ள தவளையை வைத்துச் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். நீளமான மூங்கில் கழி, நுனியில் கழி நீளத்துக்கு நரம்பு, முள்ளில் ஒரு சின்னத் தவளை. கோரைச் சந்தில் அதை மெல்ல இறக்கி, தண்ணீரில் பட்டும் படாமலும் தத்தவிடுவார்கள். கெண்டைக்குப் போடும் தூண்டிலில் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை இருக்கும், மண்புழு இருக்கும். விரால் தூண்டிலுக்குத் தக்கை வேண்டாம், கண்ணும் காதும் போதும். வயலில் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும் தவளையைப் பிடித்து முள்ளில் கோப்பதைவிட ரப்பர் தவளை மேல் என்பதில் சந்தேகமே இல்லை.

இணையக் கடைகள் வந்த பிறகு ராட், ரீல் எல்லாம் வீட்டு வாசலுக்கே வருகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு, மெல்லிய ராடும் மெல்லிய நரம்பும் வாங்குவது. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். விரால் கவ்வியதும் செய்கிற முதல் வேலை பாசிக்குள் தலையைச் செருகுவது. அப்புறம் மீனோடு சேர்த்து ரெண்டு கிலோ பாசியையும் இழுக்க வேண்டும். அதற்கு விறைப்பான ஆறரை, ஏழு அடி ராட் வேண்டும். பின்னல் நூல் (பிரெய்டு என்பார்கள்) 40, 50 பவுண்டு தாங்குவதாக இருக்க வேண்டும். ரீல் விஷயத்தில் சாதாரண ஸ்பின்னிங் ரீலே தாராளம். விலை கூடின பெய்ட்காஸ்டிங் ரீலை வாங்கிவிட்டு, கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டே சாயங்காலத்தைக் கழிப்பவர்கள் உண்டு :)

விராலுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அதற்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. அதனால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கியாக வேண்டும், மேலே வர முடியாமல் அடைத்துவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். கோடையில் குட்டை சேறாகிக் கெண்டையெல்லாம் மிதக்கும்போதும் விரால் மட்டும் பிழைத்துக் கிடப்பதற்கும் இதுதான் காரணம். தூண்டில்காரனுக்கு அந்தச் 'சளக்' சத்தம்தான் முகவரி. சத்தம் வந்த இடத்தில் நேராகப் போடக் கூடாது. இரண்டு மூன்று அடி தாண்டிப் போட்டு, அந்த இடத்தின் மேல் தவளையை இழுத்துவர வேண்டும். கவ்வியதும் சுண்டக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மீன் திரும்பி நரம்பு இறுகிய பிறகுதான் சுண்ட வேண்டும். சொல்வது சுலபம். தண்ணீர் வெடிக்கிற சத்தத்தில் மூன்று வரை எண்ணுகிற நெஞ்சுரம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

வெள்ளைக்காரர்களும் இந்தக் குளங்களை விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887-ல் ஏரி குளத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொன்று.

இதுவரை சொன்னது எல்லாம் சந்தோஷமான பகுதி. விராலைப் பிடிக்க இதையெல்லாம்விட எளிதான வழி ஒன்று இருக்கிறது. அதில்தான் சிக்கல்.

மழைக்காலத்தில் விரால் பாசியை விலக்கி ஒரு வட்டம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும். அவையும் காற்று வாங்க மேலே வருவதால், அந்த இடத்தில் மட்டும் மழை தூறுவதுபோலத் தண்ணீர் பொரியும். அடியில் தாயோ தகப்பனோ, சில சமயம் இரண்டுமோ, காவலுக்கு நிற்கும். பக்கத்தில் வருகிற கெளுத்தியோ குரவையோ தவளையோ எதுவானாலும் பாய்ந்து விரட்டும். பசி இருக்கிறதா இல்லையா என்பதே அப்போது கேள்வி இல்லை. பிளாஸ்டிக்கானாலும் ரப்பரானாலும் குஞ்சுக் கூட்டத்தின் மேல் ஐந்தாறு தடவை இழுத்தால் போதும், ஆறாவது தடவை அடி விழும். யூடியூபில் 'குஞ்சோடு நின்ற ராட்சச விரால்' என்று வருகிற வீடியோக்கள் பாதி இப்படிப் பிடித்தவைதான்.

காவல் மீன் கரைக்கு வந்ததும் அந்தக் கூட்டத்துக்கு நேர்வதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. மற்ற மீன்களும் தண்ணீர்ப் பாம்பும் நீர்க்காகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு மீனைப் பிடித்தது போலத்தான் தெரியும், போவது குளத்தின் அடுத்த வருஷம். பாஸ் விஷயத்திலும் இதே கதைதான். அங்கே ஆண் மீன் கூட்டைக் காக்கும். அதை நகர்த்திய சில நிமிஷத்தில் சின்ன மீன்கள் முட்டைகளில் வாய் வைத்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் பல ஏரிகளில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கவே தடை இருக்கிறது.

ரே ஸ்காட் 1972-லேயே போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அதை அப்படியே திருப்பனந்தாளில் கொண்டுவந்து இறக்க முடியாது. இங்கே விரால் விளையாட்டுப் பொருள் இல்லை, குழம்பு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தேடிப் பிடித்துக் கொடுக்கிற மீன். உயிரோடு விற்றால் கெண்டையைவிட நல்ல விலை. ஒரு கூலிக்காரரிடம் போய் "பிடித்து விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது, வரவும் கூடாது. கேட்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: குஞ்சோடு நிற்பதை மட்டும் விடுங்கள்.

மண்ணியாற்றங்கரையில் நடந்த ஒரு பேச்சு இது. கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் புது ராடோடு குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளையை இழுத்துக்கொண்டிருந்தான். மாடு குளிப்பாட்ட வந்த பெரியவர் நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா, அது குஞ்சு வச்சிக்கிட்டு நிக்கிது. விட்டுடேன்."

"நான் விட்டா நாளைக்கு வேற ஒருத்தன் பிடிச்சிட்டுப் போயிடுவான் தாத்தா."

"போவான்தான். அதுக்குள்ள ஒரு நாள் வளந்துடும்ல?"

பையன் நரம்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த மதகுக்கு நகர்ந்தான். மறுநாள் வேறொருவர் பிடித்தாரா என்பது தெரியாது. பையன் சொன்னதும் பொய் இல்லை. குளத்து மீன்பாசியை ஏலம் எடுத்தவர் கோடையில் தண்ணீரை இறைத்துச் சேற்றோடு அள்ளப்போகிறார். ராத்திரியில் கரண்ட் வைத்துப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மருந்து கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் குற்றம் என்று 1897-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு நூறு வயது தாண்டியும் மருந்து கலக்குகிறவர் கலக்கிக்கொண்டுதான் இருக்கிறார். இவர்களுக்கு நடுவில் ஒரு தூண்டில்காரன் ஒரு மீனை விடுவதால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விக்குப் பெரியவரின் கணக்கைத் தவிர வேறு பதில் கிடையாது. குஞ்சுக்கு ஒரு நாள் என்பது பெரிய காலம். ஒவ்வொரு நாளும் அதன் வாய் கொஞ்சம் பெருக்கிறது, அதை விழுங்கக்கூடிய வாய்கள் சில குறைகின்றன.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இந்த விரால் குடும்பத்தைக் கண்டுதான் அமெரிக்கா 2002-ல் நடுங்கியது. மேரிலாந்தில் குரோஃப்டன் என்ற ஊரின் குட்டையில், யாரோ உயிரோடு வாங்கிவந்து விட்ட சீன விரால்கள் பெருகிவிட, அரசே குட்டைக்கு மருந்தடித்துக் கொன்றது. அதே வருஷம் விரால் குடும்பத்து மீன்களை உயிரோடு இறக்குமதி செய்யவும் தடை போட்டார்கள். அங்கே அது பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், இங்கே நாம் வீடியோ எடுக்கிற அதே குணம்தான், குஞ்சை விட்டு நகராமல் காப்பது.

கடைசியாக, தூண்டில் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. குளமானால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், கோயில் குளத்தில் போடவே வேண்டாம். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் காவல் இருக்கிறது என்று அர்த்தம், அடுத்த மதகுக்குப் போங்கள். சில வாரங்களில் சிவப்பு மங்கி, குஞ்சுகள் கருத்து, ஒவ்வொன்றாகப் பிரிந்து கோரைக்குள் போய்விடும். காவலும் முடிந்து பெரிய மீன் பழையபடி அல்லி இலைக்கடியில் வந்து நிற்கும். இத்தனை நாள் குஞ்சைக் காத்ததில் நன்றாகப் பசித்திருக்கும். அப்போது போடுங்கள் தவளையை, மூன்று வரை எண்ண மறக்காதீர்கள்.