ஆணி இல்லை ஐயா

சாணார்பட்டிச் செம்மண்ணில் பாதி ஆயுளைச் செருப்பில்லாமலே நடந்து கழித்தவன் நான். மாந்தோப்பில் முள் குத்தினால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். உள்ளங்கால் ஓரத்தில் சிறு கட்டி தலைகாட்டியபோதும் கால் ஆணி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எருக்கம்பால் விட்டேன். மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். ஒருநாள் பிளேடால் சீவப்போக, ரத்தம் நிற்க வெகுநேரமாயிற்று. நான்கு வருஷம் இப்படியே போனது. நடுவில் ஓர் இடத்தில் மரு என்று சொல்லிச் சுட்டுவிட்டார்கள். சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. புற்றாக இருக்குமோ என்று மகள் அழுதாள்.

மதுரையில் ஒரு தோல் மருத்துவர் அம்மா காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். "ஆணி இல்லை ஐயா. ஆணின்னா காய்ச்சுப்போய்க் கெட்டியா இருக்கும், இப்படி ரத்தம் வராது. மருன்னா சீவினா உள்ளே கருப்புப் புள்ளி தெரியும். இது சிவந்து மெத்துன்னு இருக்கு. சுத்தி ஒரு பள்ளம் ஓடுது பாருங்க."

மாங்கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டியது போல இருந்தது. நான்கு வருஷமாக என் காலில் இருந்ததை அன்றுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

நிறமில்லாத மெலனோமா என்ற பொல்லாத புற்றும் இதே வேஷத்தில் வருமாம். அதனால் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் தூக்கம் போயிற்று.

எக்ரைன் போரோமா. வியர்வைக் குழாய் தோலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் முளைக்கும் சாதுவான கட்டி. 1956இல் அமெரிக்காவில் ஹெர்மன் பிங்கஸ் குழுவினர் முதலில் விவரித்தது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கம். இதுவும் அங்கேதான் அதிகம் வரும். சாது என்றாலும் மிச்சம் வைத்தால் திரும்ப முளைக்கும். நெடுநாள் விட்டால் அபூர்வமாகப் புற்றாகவும் மாறும். 'விளிம்பில் கட்டி இல்லை' என்ற வரியைப் பேரனை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். அந்தக் காகிதம் நிலப் பட்டாவோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

போன வாரம் களையெடுக்க வந்த பெண் உள்ளங்கையைக் காட்டி, "பாலுண்ணி தாத்தா, பிளேடால எடுத்துரவா?" என்றாள். களைக்கொத்தை வாங்கி வைத்துவிட்டு, நத்தம் ரோட்டில் அவளைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.