சிவப்பு எரிந்தால் குற்றவாளி யார்?

ராத்திரி இரண்டு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்ட் தூங்காது. எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் தானாக ஓடி, எங்கள் கல்லூரி புராஜெக்டைச் சோதித்து, காலையில் மெயில் அனுப்பிவிடும். (நூலக மென்பொருள்தான். எல்லோரும் செய்கிற அதே மொக்கை புராஜெக்ட்!) மொத்தம் 42 சோதனைகள். ஒருநாள் 41 பச்சை, ஒன்று சிவப்பு. மறுநாளும் அதே சிவப்பு.

தோற்றது, புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதியைப் பார்க்கும் சோதனை. இன்றைய தேதியோடு 14 நாள் கூட்டவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பகுதியை எழுதியவன் என் பாகூர் நண்பன். "கூட்டல்கூடத் தெரியாதாடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். பாவம், இரண்டு நாள் தன் நிரலை வரிவரியாகப் பார்த்தான். அவன் கணினியில் எல்லாம் சரியாகவே வந்தது. "உன் மெஷின்ல வந்தா போதுமா?" என்றேன். அப்புறம் வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவனே வந்தான். "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா எங்கப்பா உடனே ஏரியில தண்ணி இல்லைன்னு சொல்லமாட்டாரு. வாய்க்கால் ஓரமாவே மதகு வரைக்கும் நடப்பாரு, எங்க அடைச்சிருக்குன்னு பார்ப்பாரு. நீ நடந்து பார்த்தியா?"

சுருக்கென்றது. நான் பார்த்தது லாகின் கடைசி வரியை மட்டும்தான்.

அன்றிரவு உட்கார்ந்தேன். ஸ்கிரிப்ட் எழுதிய லாக் ஒரு பக்கம், மென்பொருள் எழுதிய லாக் மறுபக்கம். புத்தகம் கொடுத்த அதே ஒரு நிகழ்வை இரண்டிலும் தேடினேன். மென்பொருள் லாகில் 21-ஆம் தேதி அதிகாலை 2:10. என் ஸ்கிரிப்ட் லாகில் 20-ஆம் தேதி இரவு 8:40. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம்!

விஷயம் புரிந்துவிட்டது. மென்பொருள் இந்திய நேரத்தில் ஓடியது. என் ஸ்கிரிப்ட் ஓடிய சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நள்ளிரவு முதல் அதிகாலை 5:30 வரை அதற்கு 'இன்று' என்பது நமக்கு நேற்று. அதனால்தான் பகலில் பாஸ், ராத்திரியில் ஃபெயில். நண்பனின் கூட்டல் சரி. பிழை என் சோதனையில்.

இது என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கு மட்டும் வருவதில்லை. 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி-யின் முதல் ராக்கெட்டைக் கடைசி நொடியில் கணினியே நிறுத்தியது. நான்கு பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. உண்மையான கோளாறு. சரிசெய்து ஏப்ரல் 18-இல் ஏவினார்கள். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனை ராக்கெட்டும் 5 நொடி இருக்கும்போது இதேபோல் நின்றது. இந்தமுறை கோளாறு கண்காணிப்பு அமைப்பில். அதைக் கண்டுபிடித்து, அன்று காலை 10 மணிக்கே ஏவிவிட்டார்கள். இரண்டு தடவையும் கணினி சொன்னது ஒன்றுதான்: 'நிறுத்து'. ராக்கெட்டில் கோளாறா, அதைப் பார்க்கும் கண்ணில் கோளாறா என்பதைப் பதிவான தரவைப் படித்துத்தான் சொல்லமுடியும்.

திருத்தம் ஒரே வரி. அதற்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. எல்லோர் முன்னாலும் திட்டியவன் எல்லோர் முன்னாலும்தானே மன்னிப்புக் கேட்கவேண்டும்? அதற்குத்தான் ஒருநாள் முழுக்கத் தயங்கினேன். கேட்டதும் அவன் சிரித்துவிட்டு, "மதகுல இல்ல, உன் வயல்லயே அடைப்பு" என்றான்.

இப்போது என் லாகில் ஒவ்வொரு வரியிலும் நேரத்தோடு எந்த ஊர் நேரம் என்பதும் பதிவாகிறது. சிவப்பு வந்தால் முதலில் என் ஸ்கிரிப்டைத்தான் பார்க்கிறேன்.