ட்ரெசோரும் நாலு பந்து மல்லியும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மலரைப் பற்றியே எழுதலாமென்றால் அது எங்கள் வீட்டுச் சோறு. ஆகவே பாட்டிலில் அடைத்து வந்த மலரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கம்மா பூ கட்டுகிறவர். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து மொட்டு வந்ததும் உட்கார்ந்தால், நான் கல்லூரிக்குக் கிளம்புவதற்குள் என் பங்குக்கு நாலு பந்து கட்டியாக வேண்டும். வாழைநாரும் மல்லியும் விரலில் ஊறிப்போனால் எந்த சோப்புக்கும் போகாது. முதலாமாண்டில் நான் உள்ளே நுழைந்தாலே "பூக்கடை வந்துருச்சுடோய்!" என்று ஒரு குரல் கேட்கும். பாசத்தில்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் துபாயில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பெரியப்பா மகன் லீவில் வந்தபோது ஒரு சென்ட் பாட்டிலை நீட்டினார். "இதப் போட்டுட்டுப் போ பாப்பா, பூ வாடை தெரியாது."

பெயர் ட்ரெசோர். பிரெஞ்சில் புதையல் என்று பொருள். லான்கோம் கம்பெனி 1990-ல் வெளியிட்டது. வாசனையை உருவாக்கியவர் சோஃபியா குரோஸ்மன் என்ற பெண்மணி. பாட்டில், தலைகீழாக நிறுத்திய பிரமிடு மாதிரி இருக்கும்.

அடித்தவுடன் பீச், ஆப்ரிகாட் பழ இனிப்பு. நம்மூர்க் கணக்கில், பழுத்த மாம்பழத்தின் காம்புப் பக்கம் முகர்ந்த மாதிரி. கொஞ்சம் பொறுத்தால் ரோஜா. அதற்கும் பிறகுதான் பவுடர்! குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி முகத்தில் அப்புவோமே, அதே வாசம். அது மாலை வரை விடாது.

நம்ம கெமிக்கல் டிபார்ட்மெண்ட் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன். ட்ரெசோரில் பெரும்பங்கு நாலே நாலு பொருள்: காலக்ஸோலைடு, ஐசோ ஈ சூப்பர், ஹெடியோன், மெத்தில் அயனோன். ஆல்கஹாலின் மூலக்கூறு எடை 46. அது உடனே பறந்துவிடும். இந்த நாலுக்கும் 200-க்கு மேல். அதனால்தான் மெதுவாகக் கிளம்புகின்றன. மெத்தில் அயனோன்தான் பவுடர் வாசத்துக்கு முக்கிய காரணம். காலக்ஸோலைடு துணியைப் பிடித்தால் துவைத்தாலும் லேசில் போகாது. (சிலர் மூக்குக்கு அது தெரியவே தெரியாதாம். கொடுத்து வைத்தவர்கள்!)

ஹெடியோன் என்றால் மெத்தில் டைஹைட்ரோ ஜாஸ்மோனேட். மல்லிகை இனத்து வாசனையை ஆராய்ந்து எடுத்த சரக்கு! 1966-ல் டியோர் கம்பெனியின் 'ஓ சவாஜ்' சென்ட்டில் போட்டுப் புகழ் பெற்றது. பூ வாடையை மறைக்க அண்ணன் கடல் கடந்து வாங்கி வந்ததற்குள்ளேயே பூ! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

போடுகிறவர்களுக்கு என் சிபாரிசு: ஒரே ஒரு அடி, அதுவும் துப்பட்டா நுனியில். மதுரை வெயிலில் கழுத்தில் அடித்து டவுன் பஸ் ஏறினால் இனிப்பு மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்பும். பக்கத்து சீட்டு அக்காவுக்குத் தலைவலி நிச்சயம். அரை மணியில் நம் மூக்குக்கு அது பழகிவிடும். போய்விட்டதே என்று இன்னொரு அடி அடிக்காதீர்கள், ஊருக்கே தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

அம்மா மொட்டின் தரத்தை மூக்காலேயே சொல்லிவிடுவார். அவரிடம் அந்தத் துப்பட்டாவைக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நீட்டினேன். தீர்ப்பு வந்தது.

"காலைல பழமா இருந்துச்சு, இப்ப பவுடராப் போச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா பூ அப்படியில்லடி. பறிச்சுப் போட்ட பிறகும் பொழுது சாய சாய வாசம் ஏறும். இது அடிச்ச நிமிஷத்துலருந்து இறங்கிக்கிட்டேல்ல இருக்கு!"

அசந்துபோனேன். பறித்த மல்லி மொட்டு வாசனையை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. பிரான்சின் கிராஸ் நகரில் அந்தக் காலத்தில் மல்லிகையைக் கொழுப்புத் தடவிய கண்ணாடி மேல் பரப்பி நாள் முழுக்க வைத்திருந்தது இதற்காகத்தான். பாட்டிலில் இருப்பது ஆவியாவது ஒன்றுதான் செய்யும். எந்த லேபுக்கும் போகாத அம்மா இதைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டே சொன்னார்!

இப்போதும் நாலு பந்து கட்டிவிட்டுத்தான் வருகிறேன். என்றைக்காவது துப்பட்டாவில் ஒரு அடி. இரண்டு வாசமும் சண்டையில்லாமல் ஒன்றாகப் பஸ் ஏறுகின்றன. "பூக்கடை" என்ற அதே குரல் போன வாரம் "என்ன சென்ட்டு?" என்று கேட்டது. "மல்லி" என்றேன்.

விலையைக் கேட்ட நாளிலிருந்து அம்மா பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு மிச்சம் இருக்க வேண்டுமாம். சாவி அவர் இடுப்பில்.

— மூன்றாமாண்டு மாணவி, வேதிப் பொறியியல்